லயத்துப் பிள்ளையும் பல்கலைக்கழக வாசலும்

வாசிப்புப் பகுதி: தானியேல் 1:1–20

பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து கொண்டு சென்றவை ஆலயப் பாத்திரங்கள் மட்டுமல்ல. அந்நகரின் இளைஞரையும் அவன் கொண்டு சென்றான். அவர்களுக்குக் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் மூன்றாண்டு கற்பித்து, அதன் முடிவில் தன் சமுகத்தில் நிறுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டான். தானியேல் நூலின் முதலாம் அதிகாரத்தை உணவுக் கட்டுப்பாட்டுக்கும் விசுவாச உறுதிக்கும் எடுத்துக்காட்டாகவே நாம் பிரசங்கங்களிற் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆயினும் அது உயர்கல்வி பற்றிய ஒரு வரலாறுமாகும். தாய்மொழியல்லாத மொழி, பிறந்த ஊரிலிருந்து வெகுதூரம், மூன்றாண்டுக் கற்கை, இறுதியில் அரசன் முன்னிலையில் ஒரு பரீட்சை என்று, இன்று மலையகத் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் புறப்படும் பிள்ளையின் வழியில் உள்ளவை யாவும் அங்கும் உள்ளன.

அந்த அதிகாரத்தில் நாம் விரைந்து கடந்துவிடும் வசனங்கள் உண்டு. அரசன் யாரைத் தெரிந்தெடுக்கச் சொன்னான் என்பதை மூன்றாம் நான்காம் வசனங்கள் கூறுகின்றன. அரச குலத்தாரும் பிரபுக்களின் பிள்ளைகளுமே அழைக்கப்பட்டனர். அவர்களும் உடலிற் குறையற்றவர்களாகவும் ஏற்கனவே அறிவிற் சிறந்தவர்களாகவும் இருத்தல் வேண்டும். தெரிந்தெடுக்கப்படாத பிள்ளைகளின் கதி என்னவாயிற்று என்பதை அந்த அதிகாரம் கூறவில்லை. மலையகக் கல்வியின் வரலாறோ பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளின் வரலாறேயாகும். நம் திருச்சபைகள் அந்த வரலாற்றில் ஆற்றிய பங்கையும், இனி ஆற்ற வேண்டிய பங்கையும் இவ்வாரம் சிந்திப்போம்.

ஒரே ஆண்டில் இரு தொடக்கங்கள்

1823ஆம் ஆண்டை நினைவிற் கொள்வோம். அவ்வாண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக் கழகத்தைத் தொடங்கினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபராக இருந்தார். தமிழோடு ஆங்கிலம், கணிதம், வானியல் முதலியன அங்கு கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகப் போற்றப்படும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையிற் கற்றவர்களே.

அதே 1823இல் கம்பளைக்கு அண்மையில் உள்ள சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரின் கோப்பித் தோட்டம் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து மக்கள் மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட வரலாற்றுக்கு அவ்வாண்டே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 2023இல் மலையக மக்கள் தம் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்ததும், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி சென்றதும் அதனாலேயே. கடலைக் கடந்து, மன்னார்க் காட்டின் ஊடே கால்நடையாக வந்தோரில் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் மலையேறிக் காடழித்தனர்.

ஒரே தீவு, ஒரே ஆண்டு, ஒரே மொழி பேசும் மக்கள். ஒரு சாராருக்கு வானியல் கற்கும் வகுப்பறை கிடைத்தது. மற்றொரு சாராருக்குக் கத்தியும் மண்வெட்டியும் கிடைத்தன. மலையகப் பிள்ளை கல்வியிற் பின்தங்கியவன் என்று எவரேனும் எளிதாகக் கூறும்போது, இவ்விரு தொடக்கங்களையும் நாம் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பின்தங்கியது பிள்ளையன்று, அவனுக்கு வந்து சேர வேண்டிய பாடசாலையே பின்தங்கி வந்தது.

மிஷன் பாடசாலை வந்த வழி

1854இல் சேர்ச் மிஷனரி சங்கத்தினர் தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றத் தொடங்கினர். அப்பணிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதாகும். அப்பெயரை இன்று வாசிக்கும்போது நமக்குக் கூச்சம் உண்டாகிறது, உண்டாக வேண்டும். ஆயினும் தோட்டந்தோட்டமாக நடந்து சென்ற உபதேசிமார் வேதத்தோடு எழுத்தையும் கற்பித்தனர் என்பதை மறைக்கவும் இயலாது. மதம் மாற்றும் நோக்கம் அப்பணியில் இருந்தது. பெருந்திரளான மக்கள் மதம் மாறவில்லை. ஆனாற் கற்ற எழுத்து அவர்களிடம் தங்கியது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், தோட்டங்களில் வாழும் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள் என்பதே பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் அமைப்பாக நெடுங்காலம் நீடித்தது. அதற்கு மேற் கற்க விரும்பும் பிள்ளை மலையிறங்கி நகருக்கு வர வேண்டியிருந்தது. விரும்பாத பிள்ளைக்கும், விரும்பியும் வர இயலாத பிள்ளைக்கும் கொழுந்துக் கூடை காத்திருந்தது.

நகரில் அப்பிள்ளையை எதிர்கொண்டவை பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளே. 1884இல் புகையிரதப் பாதை ஹட்டனை எட்டியது. தேயிலையை ஏற்றிச் செல்ல வந்த அப்பாதை ஹட்டனை ஒரு நகராக்கியது. எட்டாண்டுகளின் பின்னர், 1892இல், மெதடிஸ்த மிஷன் அங்கே ஒரு பாடசாலையைத் தொடங்கியது. அதுவே இன்றைய ஹைலண்ட்ஸ் கல்லூரி. ஹட்டனில் புனித ஜோன் பொஸ்கோ கல்லூரியும் புனித கபிரியேல் மகளிர் பாடசாலையும், நுவரெலியாவில் பரிசுத்த திரித்துவக் கல்லூரியும் நல்லாயன் மகளிர் பாடசாலையும் கிறிஸ்தவப் பணியின் வேரிலிருந்து எழுந்தவையே.

மடக்கும்புறத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஹட்டனிலிருந்த மெதடிஸ்த பாடசாலையிற் பயின்றார். பின்னர் கொழும்பு சென்று நாலந்தா கல்லூரியிற் கற்றார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு உயர்ந்த வகுப்பறையின் கதவு திறக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கு அவர் ஒரு சான்று.

எனினும் நாம் நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்காலத்தில் நகரத்து ஆங்கிலப் பாடசாலைக்கு வர முடிந்தவர்கள் பெரும்பாலும் பெரிய கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார், கடை முதலாளிமார் ஆகியோரின் பிள்ளைகளே. கட்டணமும் தங்குமிடமும் தூரமும் ஏனையோரைத் தடுத்தன. பாபிலோன் அரசனின் தெரிவைப் போலவே, ஏற்கனவே சற்று உயர்ந்து நின்றவர்களையே நம் பாடசாலைகளும் தெரிந்தெடுத்தன. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் வாழ்ந்த சாதாரணத் தொழிலாளியின் பிள்ளை வாசலுக்கு வெளியிலேயே நின்றது.

சுவர்கள் கைமாறிய பின்

1945இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளோ அந்த வெளிச்சத்துக்குப் புறம்பாகவே தொடர்ந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் வகுப்பறையிலிருந்த பிள்ளைகள் பலர் பெற்றோருடன் கப்பலேறினர். அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் பணி 1970களின் பிற்பகுதியிலேயே முழு வேகம் பெற்றது. 1986 முதல் சுவீடன் நாட்டு உதவியோடு பெருந்தோட்டப் பாடசாலைகளின் கட்டடங்களும் கற்பித்தலும் மேம்படுத்தப்பட்டன. பத்தனையில் ஜெர்மனிய உதவியோடு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. மலையகத்துக்கு வேண்டிய ஆசிரியர்களை மலையகத்திலேயே பயிற்றுவிக்கும் வழி அதனாற் பிறந்தது. எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தீர்வு கண்டது.

இதற்கிடையே கிறிஸ்தவப் பாடசாலைகளின் நிலையும் மாறியது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, அரச உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றன. ஹைலண்ட்ஸ் கல்லூரியும் இன்று அரச பாடசாலையே. அம்மாற்றம் பல சபைகளில் ஆறாத மனக்குறையாக நீண்டகாலம் பேசப்பட்டது. ‘நம் பாடசாலைகளை இழந்தோம்’ என்ற சொல் முதியோரின் வாயில் இன்றும் கேட்கிறது.

உண்மையில் நாம் இழந்தவை எவை? சுவர்களையும் பெயர்ப்பலகையையும் நிருவாகத்தையும் இழந்தோம். பிள்ளைகளை இழக்கவில்லை. கட்டணம் நீங்கியதால், முன்னர் வாசலுக்கு வெளியே நின்ற பிள்ளை அதே கட்டடத்தினுள் நுழைய வழி பிறந்தது. பின்வந்த காலத்தில் ஹைலண்ட்ஸ் கல்லூரி மலையக மாணவர் பலரைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி வைத்தது. அதன் ஆசிரியராகவும் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம், மலையகத்தின் ஆரம்பகாலப் பட்டதாரிகளில் ஒருவர். பாடப்புத்தகத்தோடு நின்றுவிடாமல், மாணவரை வாசிக்கவும் மேடையேறிப் பேசவும் தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்க்கவும் தூண்டியவர் என்று அவர் இன்றும் நினைவுகூரப்படுகிறார். பிற்காலத்தில் தமிழ்நாட்டின் நீலகிரியில், தாயகம் திரும்பியோர் எனப்பட்ட மலையக மக்களிடையே பணிபுரிந்த அவர் 1999இல் மறைந்தார். மிஷன் நாட்டிய மரம் வேலிக்கு அப்பாற் சென்ற பின்னரும் கனி கொடுத்தது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. இறைவனுக்கு நன்றி கூறவே வேண்டும்.

ஏணியின் படிகள்

இன்று பல்கலைக்கழகம் செல்லும் வழி எவ்வாறு அமைந்துள்ளது என்பதை, அவ்வழியிற் சென்றறியாத பெற்றோர் பொருட்டுச் சுருக்கமாகக் கூறுவோம். தரம் 11இல் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை. அதில் தேறியோர் கலை, வர்த்தகம், உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம், தொழினுட்பம் முதலிய துறைகளில் ஒன்றைத் தெரிந்து உயர்தரத்துக்குக் கற்பர். உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியடைவதோடு, பொதுச் சாதாரணப் பரீட்சையிற் குறைந்தது 30 புள்ளிகளும் பெற வேண்டும். மும்முறை தோற்றலாம்.

சித்தியடைந்தோர் யாவருக்கும் இடம் கிடைப்பதில்லை. 2001 முதல் ‘இஸட்’ புள்ளியின் அடிப்படையில் மாணவர் வரிசைப்படுத்தப்படுகின்றனர். ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளி, அப்பாடத்துக்குத் தோற்றிய ஏனையோரின் சராசரியிலிருந்து எவ்வளவு உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கிறது என்பதை அது காட்டும். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி வரிசைப்படியும், 55 வீத இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீத இடங்கள் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியா அப்பதினாறு மாவட்டங்களில் ஒன்று.

இந்த ஏற்பாடு நன்மையானதே. ஆயினும் அது மாவட்டத்தைப் பார்க்கிறது. மாவட்டத்தினுள் உள்ள பிள்ளையைப் பார்ப்பதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். நகரத்தில் தனி வகுப்புகளுக்குச் செல்லும் பிள்ளையும், பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ ஒரு தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து இறங்கி வரும் பிள்ளையும் அதே வரிசையிலேயே நிற்கின்றனர். தமிழ் மொழிமூலம் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரம் வரை கற்பிக்கும் பாடசாலைகள் மலையகத்திற் சிலவே. ஆய்வுகூடமும் தகுதி பெற்ற ஆசிரியரும் ஒருங்கே அமைந்தவை அவற்றினும் சில. ஆகையால் மருத்துவராகும் ஆற்றலுடைய பிள்ளை, தன் ஊர்ப் பாடசாலையில் உள்ள துறையையே தன் துறையாக ஏற்றுக்கொள்ள நேர்கிறது. கலைத்துறை தாழ்ந்ததன்று. ஆனால் விரும்பித் தெரிந்தெடுப்பதும் வேறு வழியின்றி ஏற்பதும் ஒன்றல்ல.

நகரத்துப் பாடசாலைக்கு வர விரும்பும் பிள்ளையின் முன் பேருந்துச் செலவும் விடுதிச் செலவும் தனி வகுப்புக் கட்டணமும் நிற்கின்றன. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்வதற்கே 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பின்னர் அது மேலும் உயர்ந்துள்ள போதிலும், விலைவாசியும் உடன் உயர்ந்துவிட்டது. இக்கணக்கைக் கங்காணியின் புத்தகத்தைவிடத் தெளிவாக அறிந்தவள் தாய் ஒருத்தியே.

இரு காத்திருப்புகள்

பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவது என்றவுடன் நாம் பாடங்களையே நினைக்கிறோம். தோட்டத்துப் பிள்ளையின் வழி பெரும்பாலும் முறிவது பாடங்களுக்கு இடையே உள்ள வெற்றுக் காலத்திலேதான். சாதாரணதரப் பரீட்சை எழுதிய பின் பெறுபேற்றுக்காகச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். உயர்தரப் பரீட்சைக்குப் பின்னரோ, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பல்கலைக்கழகக் கதவு திறப்பதற்குள் ஓராண்டுக்கு மேலும் சென்றுவிடுவதுண்டு.

வசதியுள்ள இல்லத்துப் பிள்ளைக்கு அது ஓய்வுக்காலம். அப்பிள்ளை ஆங்கிலம் கற்கும், கணினி கற்கும். லயத்துப் பிள்ளைக்கு அது அழைப்புக் காலம். கொழும்பில் ஒரு கடையில் ஆள் வேண்டுமென்று ஊரவர் ஒருவர் வந்து சொல்வார். பெண்பிள்ளைக்கு ஆடைத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வரும். மூன்று மாதத்துக்கு என்று சென்ற பிள்ளை, வீட்டுக் கடன் அடைந்த பின் திரும்பலாம் என்று எண்ணும், கடன் அடைவதில்லை. பெறுபேற்றில் தேறியிருந்தும், விண்ணப்பம் அனுப்ப வேண்டிய நாளில் பிள்ளை ஊரில் இல்லாமையால் இடம் கைநழுவலாம். இத்தகைய இழப்பு எந்தப் புள்ளிவிபரத்திலும் ஏறாது.

இக்காத்திருப்பு வேறொரு வகையிலும் முக்கியமானது. பதின்மூன்று ஆண்டு தமிழிற் கற்ற பிள்ளை, பேராதனையிலோ மொரட்டுவையிலோ மருத்துவ, பொறியியல் விரிவுரைகளை ஆங்கிலத்திற் கேட்க வேண்டும். கல்தேயரின் மொழி தானியேலுக்கு எவ்வளவு அந்நியமாக இருந்ததோ, முதலாம் ஆண்டு மாணவனுக்கு விரிவுரை மண்டபத்தின் மொழியும் அவ்வளவு அந்நியமாகவே இருக்கும். அந்த ஓராண்டில் நாள்தோறும் ஒரு மணிநேரம் ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் பழக்கினால், முதலாண்டின் அச்சத்திற் பாதி நீங்கிவிடும்.

கண்காணி என்னும் சொல்

தோட்டத்துக்கும் வேதத்துக்கும் பொதுவான ஒரு சொல் உண்டு. தோட்டத்திலே ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்பி வேலை வாங்குபவரைக் ‘கங்காணி’ என்கிறோம். நம் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில், பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் வசனத்தில், திருச்சபையை மேற்பார்வை செய்வோருக்கு வழங்கப்பட்ட பெயரும் ‘கண்காணி’ என்பதே. சொல் ஒன்று, தொழில் வேறு. தோட்டத்துக் கங்காணி அதிகாலையிற் பிரட்டுக்களத்தில் எத்தனை பேர் வேலைக்கு வந்தனர் என்று எண்ணினார். திருச்சபையின் கண்காணி, எத்தனை பிள்ளைகள் பாடசாலைக்கு வராமல் நின்றனர் என்பதை எண்ண வேண்டியவர். நம் சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியன எழுதப்படுகின்றன. இவ்வாண்டு உயர்தரம் எழுதும் பிள்ளைகள் யார் என்று எந்தப் பதிவேட்டில் எழுதுகிறோம்?

தானியேலின் வரலாற்றிலும் ஒரு மேற்பார்வையாளன் வருகிறான். பிரதானியின் கீழ்ப் பணிபுரிந்த அவனிடமே தானியேல் பத்து நாள் அவகாசம் கேட்டான். இளைஞர் வாடிப்போனால் தண்டனை தனக்கும் தன் மேலாளருக்கும் வருமென்பது அவனுக்குத் தெரியும். ஆயினும் பத்து நாள் பொறுத்துப் பார்க்க இசைந்தான். வேதம் அவன் செயலை ஓரிரு வரிகளிற் சொல்லிக் கடந்துவிடுகிறது. ஆனால் அவன் இசையாதிருந்தால் மூன்றாண்டுப் படிப்பு மற்றொரு விதமாய் முடிந்திருக்கும். பிள்ளையின் ஆற்றல் வெளிப்படும் முன்னரே அதை நம்பிப் பொறுப்பேற்கும் ஒருவர், எந்த மாணவனுக்கும் தேவை. வீட்டில் முன்னர் எவரும் உயர்தரம் படித்திராத பிள்ளைக்கு அத்தகையவர் இருமடங்கு தேவை.

சபை என்ன செய்யலாம்? பெருந்தொகை நிதி தேவையில்லை. லயக் காம்பிராவில் அடுப்புப் புகையும் தொலைக்காட்சி ஒலியும் சிறு தம்பி தங்கையரும் ஓரிடத்தில் இருக்க, மேசைக்கு இடமில்லை. ஆலய மண்டபமோ வாரத்தில் ஆறு மாலைகள் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து, நல்ல வெளிச்சமும் சில மேசைகளும் இட்டு, மாலை ஆறு முதல் ஒன்பது வரை எம்மதத்துப் பிள்ளையும் அமர்ந்து படிக்கவிடலாம். பிள்ளைகளை வீடு வரை கொண்டு சேர்க்கப் பெரியவர் இருவர் முன்வர வேண்டும். மழையிலும் இருட்டிலும் தேயிலை மலைப் பாதையிற் பெண்பிள்ளைகளைத் தனியே அனுப்பலாகாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் சபைகளில் உள்ளனர். சனிக்கிழமைகளில் ஆங்கிலமோ கணிதமோ கற்பிக்க அவர்களை அழைக்கலாம். பல்கலைக்கழகத்திற் கற்கும் மூத்த மாணவர் விடுமுறைக்கு வரும்போது, தாம் கண்டதை இளையோருக்குக் கூறச் செய்யலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பெற்றோருடன் அமர்ந்து வாசித்து, எந்தக் கற்கைநெறிக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்பதை விளக்கலாம். மகாபொல முதலிய புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கும் வழியைக் காட்டலாம். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் உள்ள பெயர்ப்பிழைகளைப் பரீட்சைக்கு முன்பே திருத்திக் கொடுக்கலாம். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ்களில் எழுத்துப்பிழையாற் பிள்ளைகள் படும் அலைச்சலை அறிந்தோர் இதனைச் சிறு பணியென்று கருதமாட்டார்கள்.

தெரிந்தெடுக்கப்படாதோர்

இத்தனை செய்த பின்னரும் பலர் வெட்டுப்புள்ளியை எட்டமாட்டார்கள். பெறுபேறு வந்த நாளில் சித்தியடைந்தோரை அழைத்து மாலை சூட்டி ஆலயத்தில் நன்றி கூறுகிறோம். அது தகும். ஆனால் அன்று பின்வரிசையில் வந்து அமராத பிள்ளை எங்கே? அவனுடைய வீட்டுக்கு அன்று மாலை யார் சென்றார்? ஒரு புள்ளியில் இடத்தை இழந்த பிள்ளைக்குத் தோட்டத்தில் எளிதாகக் கிடைக்கும் சொல், ‘இவ்வளவு செலவழித்தும் என்ன கண்டாய்?’ என்பதே. அச்சொல் பெற்றோரின் கோபத்திலிருந்து வருவதைவிட அவர்களின் களைப்பிலிருந்தே வருகிறது. அந்நேரத்தில் இரண்டாம் முறை தோற்றலாம் என்றும், கல்வியியற் கல்லூரி உண்டு என்றும், தொழிற்பயிற்சித் தகைமைகள் உண்டு என்றும், திறந்த பல்கலைக்கழகம் உண்டு என்றும் அமைதியாய் எடுத்துரைக்க ஒருவர் வேண்டும்.

ஹட்டனின் கத்தோலிக்கப் பாடசாலை எவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்தப் புனித ஜோன் பொஸ்கோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியின் தூரின் நகரில் தம் பணியைத் தொடங்கியபோது சிறந்த மாணவரைத் தேடிச் செல்லவில்லை. கிராமங்களிலிருந்து கூலிவேலை தேடி நகருக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கிடமின்றித் திரிந்த சிறுவரையே அவர் கூட்டிச் சேர்த்தார். எழுத்தும் தொழிலும் கற்பித்தார். பாபிலோன் அரசன் அரண்மனைக்குத் தகுந்தவர்களைத் தெரிந்தெடுத்தான். கிறிஸ்துவின் பெயரால் நடக்கும் கல்விப் பணி, எவராலும் தெரிந்தெடுக்கப்படாதவரிடமிருந்து தொடங்க வேண்டும். கிறிஸ்தவப் பாடசாலை என்ற பெயருக்கு உரிமை அதிலேயே உள்ளது. காணி உறுதியில் அன்று.

திறந்த பலகணி

பல்கலைக்கழகத்தில் இடம் பெற்ற பிள்ளைக்கும் ஓர் ஆயத்தம் தேவை. தானியேலுக்குப் பாபிலோனில் வேறு பெயர் சூட்டப்பட்டது. அவன் அந்நாட்டின் கல்வியில் தேர்ந்தான். அரசன் வினவிய காரியங்களில் மற்ற எல்லா ஞானிகளையும்விடப் பத்து மடங்கு சிறந்து நின்றான். ஆயினும் முதுமையிலும் அவனுடைய மேலறையின் பலகணிகள் எருசலேமை நோக்கித் திறந்தே இருந்தன என்று ஆறாம் அதிகாரம் கூறுகிறது. உயர்ந்த பதவி கிடைத்தபோது தன் தோழர் மூவருக்காகவும் அரசனிடம் வேண்டிக்கொண்டான் என்று இரண்டாம் அதிகாரம் கூறுகிறது.

விடுதியிற் சேரும் முதல் நாளில், முகவரியைக் கேட்கும்போது தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டு நகரத்தின் பெயரைக் கூறும் பிள்ளைகள் உண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவ்வெட்கம் அவர்களிடம் பிறந்ததன்று. பிறர் இரு நூற்றாண்டுகளாக அவர்கள்மேற் சுமத்தியது. ஆனால் அச்சுமையை இறக்கி வைக்கக் கற்பிப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. உன் பாட்டியின் விரல்கள் கொய்த கொழுந்தே இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணியைத் தேடித் தந்தது. இலவசக் கல்வியின் செலவிலும் அவளுடைய வியர்வைக்குப் பங்கு உண்டு. ஆகவே நீ அங்கு இரவலனாக அல்ல, உரித்தாளனாகவே செல்கிறாய் என்று எடுத்துக் கூற வேண்டும்.

மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்ற சி. வி. வேலுப்பிள்ளை, அம்மொழியிலே தம் மக்களின் வாழ்வை உலகறிய எழுதினார். அதே வேளை, தேயிலை மலைகளில் வாய்மொழியாக வழங்கிய பாடல்களைத் தேடித் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாகவும் தந்தார். கற்ற மொழியால் வெளியுலகோடு பேசினார். பிறந்த லயத்தின் குரலையும் காத்தார். அவருடைய பலகணி திறந்திருந்தது.

அன்பிற்குரியவர்களே, மலையேறி வந்து நம்மிடையே பாடசாலை நாட்டிய மிஷனரிமார் இன்று இல்லை. அவர்கள் நாட்டிய பாடசாலைகளிற் பெரும்பாலானவை இன்று நம் நிருவாகத்தில் இல்லை. ஆனால் மாலையில் பேருந்தை விட்டிறங்கி, புத்தகப் பையோடு மேற்பிரிவுக்கு நடந்து செல்லும் பிள்ளை இருக்கிறது. பூட்டிய ஆலய மண்டபம் இருக்கிறது. அதன் திறவுகோல் நம் கையில் இருக்கிறது.

மன்றாட்டுக்கு:

இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தப்படும் பிள்ளைகளைப் பெயர் பெயராக நினைவுகூர்வோம். பெறுபேற்றுக்காகக் காத்திருப்போரும், பெறுபேறு கண்டு மனமுடைந்தோரும் நம் மன்றாட்டில் இடம்பெறட்டும். தூரத் தோட்டங்களின் பாடசாலைகளில் இடமாற்றம் கேளாமல் நிலைத்திருக்கும் ஆசிரியர்களுக்காக நன்றி கூறுவோம். மன்றாடி எழுந்த பின், நம் அயலிலுள்ள ஒரு பிள்ளையின் வீட்டுக்குச் சென்று, படிப்பதற்கு என்ன குறை என்று கேட்டு வருவோம்.